பிரசவத்தில் முடிவெடுப்பவர் யார்?

வாசகர் கேள்விகளுக்கு மகப்பேறு மருத்துவரின் பதில்கள்

கர்ப்ப காலத்திலும் பிரசவத்தின்போதும் பெற்றோருக்கு உள்ள தேர்வுரிமை பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களுள் ஒரே பொருளைப் பேசுபவற்றை இணைத்தும், எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியும் இங்கே தருகிறோம். உங்கள் உடல்நிலை குறித்த இறுதி முடிவை, உங்களை நேரில் பரிசோதிக்கும் மருத்துவருடன் பேசியே எடுக்க வேண்டும்.

கேள்வி: இது என் முதல் கர்ப்பம், 38 வாரம் முடிந்துவிட்டது. ஸ்கேனில் குழந்தையின் எடை ஏறக்குறைய 4 கிலோ என்று வந்திருப்பதால் சிசேரியன்தான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எனக்குச் சர்க்கரை நோய் இல்லை. வேறு வழி உண்டா என்று கேட்டதற்கு, “என்மேல் நம்பிக்கை இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார். நான் கேட்டது தவறா? எதையெல்லாம் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது?

பதில்: கேட்டதில் எந்தத் தவறும் இல்லை. செய்யப்போகும் சிகிச்சைக்குக் காரணம் என்ன, அதனால் விளையும் நன்மையும் தீமையும் என்ன, மாற்று வழி உண்டா, ஒன்றும் செய்யாமல் சில நாள் பொறுத்தால் என்ன ஆகும் என்பவையெல்லாம் நீங்கள் கேட்காமலேயே உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டியவை. நம்பிக்கை இல்லையா என்ற எதிர்க்கேள்வி இவற்றுள் எதற்கும் விடையாகாது.

முதலில் அந்த 4 கிலோவைப் பார்ப்போம். ஸ்கேன் கருவி குழந்தையை எடை போடுவதில்லை. தலையின் அளவு, வயிற்றின் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் ஆகியவற்றை அளந்து, அவற்றிலிருந்து எடையைக் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கு 10 முதல் 15 சதவீதம் வரை கூடியோ குறைந்தோ இருப்பது சாதாரணம். ஆகவே 4 கிலோ என்று காட்டப்பட்ட குழந்தை மூன்றரைக் கிலோவாகவும் பிறக்கலாம், நாலரைக் கிலோவாகவும் பிறக்கலாம். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் கல்லூரி தன் வழிகாட்டுதலில், எடையை மட்டுமே காரணமாகக் கொண்டு சிசேரியனைப் பரிசீலிப்பதற்கான அளவைச் சர்க்கரை நோய் இல்லாத தாய்க்கு 5 கிலோ என்றும், சர்க்கரை நோய் உள்ள தாய்க்கு நாலரைக் கிலோ என்றும் வைத்திருக்கிறது. உங்கள் மருத்துவருக்கு இதைத் தவிர வேறு காரணம் இருக்கலாம். குழந்தை கிடக்கும் நிலை, நஞ்சுக்கொடியின் இடம், உங்கள் இரத்த அழுத்தம் போன்ற ஏதேனும் ஒன்று அவரை அந்த முடிவுக்குத் தள்ளியிருக்கலாம். அப்படியிருந்தால் அதைச் சொல்லட்டும் என்பதே உங்கள் கேள்வியின் சாரம்.

பெரிய குழந்தை என்றவுடன் மருத்துவர்கள் அஞ்சுவது, தலை வெளியே வந்த பிறகு தோள்பட்டை தாயின் இடுப்பெலும்பில் சிக்கிக்கொள்ளும் நிலையை. அது அரிதாகவே நிகழ்கிறது. நிகழ்ந்தாலும் பெரும்பாலும் சில நிமிடங்களில் விடுவிக்கப்படுகிறது. ஆனால் சிற்சில குழந்தைகளுக்குக் கை நரம்போ மூளையோ நிரந்தரமாகப் பாதிக்கப்படுகிறது. இந்த ஆபத்தைப் பற்றிய ஒரு வழக்குதான் பிரிட்டனில் மருத்துவ ஒப்புதலின் இலக்கணத்தையே மாற்றியது. சர்க்கரை நோயும் சிறிய உடலமைப்பும் கொண்ட ஒரு ஸ்காட்லாந்துத் தாய்க்கு, தோள்பட்டை சிக்குவதற்கு 9 அல்லது 10 சதவீத வாய்ப்பு இருந்தும் மருத்துவர் அதைச் சொல்லவில்லை. சொன்னால் இப்படிப்பட்ட பெண்கள் எல்லோரும் சிசேரியன் கேட்பார்கள் என்பது அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. 1999இல் பிறந்த அந்தக் குழந்தை, மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கட்டுப்படாத பெருமூளை வாதத்துக்கு ஆளானது. 2015 மார்ச்சில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தாயின் பக்கம் தீர்ப்பளித்தது. எதைச் சொல்வது, எதை விடுவது என்பதை மருத்துவர்களின் வழக்கம் தீர்மானிக்க முடியாது. அந்தப் பெண்ணின் இடத்தில் இருக்கும் ஒருவர் எதை முக்கியம் என்று கருதுவாரோ அது சொல்லப்பட வேண்டும் என்பது அத்தீர்ப்பின் அடிப்படை.

அந்தத் தாய்க்கு இயல்பான பிரசவத்தின் ஆபத்து மறைக்கப்பட்டது. உங்களுக்கு இயல்பான பிரசவம் என்ற வழியே மறைக்கப்படுகிறது. இரண்டையும் அளக்கும் கோல் ஒன்றுதான். ஒரு பெண்ணுக்கு எந்தப் பிரசவம் நல்லது என்பதில் மருத்துவர் சரியாகவே இருந்தாலும், அவள் அறியாமல் அந்த முடிவு எடுக்கப்பட்டால் அதை ஒப்புதல் என்று சொல்ல முடியாது என்பது என் உறுதியான கருத்து.

நடைமுறையில் நீங்கள் செய்யக்கூடியது இது. பரிசோதனைக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் கேட்காமல், இதைப் பேசுவதற்கென்றே தனியாக நேரம் கேளுங்கள்; துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். “ஆபத்து உண்டா” என்று கேட்டால் “உண்டு” என்ற ஒரு சொல்லே பதிலாகக் கிடைக்கும். ஆகவே “என்னைப் போன்ற ஆயிரம் பெண்களில் எத்தனை பேருக்கு இது நடக்கிறது, சிசேரியன் செய்துகொண்ட ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு என்னென்ன சிக்கல் வருகிறது” என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். இன்னொரு மருத்துவரின் கருத்தைப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. அதற்காக ஸ்கேன் அறிக்கைகளின் நகலைக் கேட்டு வாங்கலாம். தொப்புள்கொடி குழந்தைக்கு முன்பாகச் சரிந்து வருவது, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிவது போன்ற உண்மையான அவசரங்களில் விரிவாகப் பேச நேரம் இருக்காது. அதனாலேயே, அவசரம் இல்லாத இந்த வாரங்களில் அத்தகைய நிலைகளையும் சேர்த்துப் பேசி வைப்பது நல்லது.

கேள்வி: முதல் குழந்தை சிசேரியனில் பிறந்தது. இரண்டாவதை இயல்பாகப் பெற விரும்புகிறேன். ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்தான் என்கிறார்களே?

பதில்: அந்த விதி, கருப்பையை மேலிருந்து கீழாக நெடுக்காக வெட்டிய காலத்தில் பிறந்தது. இப்போது பெரும்பாலும் கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகவே வெட்டுகிறார்கள். அந்தத் தழும்பு வலியின்போது விரிந்து கிழியும் வாய்ப்பு ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குத்தான். முயன்று பார்க்கும் பெண்களில் நான்கில் மூன்று பேருக்குச் சற்றுக் குறைவானவர்கள் இயல்பாகவே பெற்றுக்கொள்கிறார்கள். முன்பு ஒருமுறையாவது இயல்பாகப் பெற்றவர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் அதிகம்.

ஆனால் 200இல் ஒன்று என்பதைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். தழும்பு கிழிந்தால் குழந்தையையும் தாயையும் காப்பாற்ற உடனடி அறுவை தேவை. அதனால் இந்த முயற்சியை எந்நேரமும் அறுவைக்கூடமும் மயக்க மருத்துவரும் இரத்தமும் கிடைக்கும் இடத்தில்தான் செய்ய வேண்டும். முந்தைய வெட்டு நெடுக்கானதா, குறுக்கானதா என்பதைப் பழைய அறுவைக் குறிப்பைப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். வயிற்றின் மேல்தோலில் தெரியும் தழும்பை வைத்து அதைச் சொல்ல முடியாது. நெடுக்கு வெட்டு இருந்தவர்களுக்கும், ஏற்கெனவே கருப்பை கிழிந்தவர்களுக்கும், நஞ்சுக்கொடி கருப்பை வாயை அடைத்திருப்பவர்களுக்கும் இந்த வழி இல்லை.

மறுபக்கத்தையும் எடைபோடுங்கள். ஒவ்வொரு சிசேரியனும் அடுத்த கர்ப்பத்தின் ஆபத்தைக் கூட்டுகிறது. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருக்கும் பெண்களில், அது பழைய தழும்பில் ஊடுருவி ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு, முன்பு ஒரு சிசேரியன் ஆனவர்களுக்கு 11 சதவீதமாகவும் இரண்டு ஆனவர்களுக்கு 40 சதவீதமாகவும் இருந்ததாக 2006இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு கண்டது. இன்னும் குழந்தைகள் வேண்டும் என்று நினைக்கும் பெண்ணுக்கும், இதுவே கடைசி என்று நினைக்கும் பெண்ணுக்கும் இந்த எண்ணிக்கைகள் ஒரே பொருளைத் தருவதில்லை. உங்கள் மருத்துவர் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்.

கேள்வி: மருத்துவமனைகளில் தேவையில்லாத தலையீடுகள் அதிகம் என்பதால், நாங்கள் வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொள்ள முடிவு செய்திருக்கிறோம். மருத்துவரோ செவிலியரோ வேண்டாம். நிறையக் காணொளிகள் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறேன். என் மனைவிக்குச் சற்றுப் பயம் இருக்கிறது. நான் தைரியம் சொல்லி வருகிறேன். இது பெற்றோரின் உரிமைதானே?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய சொற்றொடர் “என் மனைவிக்குச் சற்றுப் பயம் இருக்கிறது” என்பது. பெற்றோரின் உரிமை என்று பொதுவாகப் பேசினாலும், குழந்தை பிறக்கும்வரை நடப்பதெல்லாம் ஒருவருடைய உடலுக்குள்தான் நடக்கிறது. இறுதிச் சொல் அந்த ஒருவருடையது. உங்கள் விருப்பத்தைச் சொல்லலாம், கவலையைச் சொல்லலாம், அவருக்காக வாதாடலாம். அவருக்குப் பதிலாக முடிவெடுக்க முடியாது. இந்த முடிவு அவருடையதுதானா என்பதை, நீங்கள் அருகில் இல்லாதபோது ஒரு மருத்துவரோ செவிலியரோ அவரிடம் கேட்கட்டும்.

வீட்டுப் பிரசவம் என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு காரியங்கள் பேசப்படுகின்றன. நெதர்லாந்திலும் இங்கிலாந்திலும் பயிற்சி பெற்ற பேறுகாலச் செவிலியர், ஆபத்துக் குறைவான பெண்களைத் தேர்ந்தெடுத்து, மருந்தும் கருவியும் கையில் வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் மருத்துவமனைக்கு மாற்றும் ஏற்பாட்டோடு வீட்டுக்கு வந்து பிரசவம் பார்க்கிறார். இங்கிலாந்தில் ஆபத்துக் குறைவான 64,000க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியான ஆய்வில், ஏற்கெனவே குழந்தை பெற்றவர்களுக்கு வீட்டில் திட்டமிட்டதால் குழந்தைக்கு ஆபத்து கூடவில்லை. முதல் பிரசவக்காரர்களுக்கோ குழந்தையின் இறப்பும் கடுமையான பாதிப்புகளும் சேர்ந்து மருத்துவமனையில் ஆயிரத்துக்கு 5.3 ஆகவும் வீட்டில் 9.3 ஆகவும் இருந்தன. வீட்டில் தொடங்கிய முதல் பிரசவக்காரர்களில் 45 சதவீதம் பேர் நடுவில் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். இவையெல்லாம் பயிற்சி பெற்றவர் உடனிருந்த பிரசவங்களின் கணக்கு. யாருமே இல்லாத பிரசவத்துக்கு இவற்றைச் சான்றாகக் காட்டுவது, பாகன் இருக்கும் யானையைக் காட்டிப் பாகனில்லாத யானைமேல் ஏறச் சொல்வது போன்றது.

பிரசவ நேரம் நெருங்கும்போது தாயின் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்த பின் கருப்பை இறுகாவிட்டால் இரத்தம் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம். உலகில் பேறுகால மரணங்களுக்கு முதன்மைக் காரணம் இரத்தப்போக்கே. அதைத் தடுக்க, கருப்பையை இறுகச் செய்யும் ஆக்சிடோசின் ஊசி, கருப்பையை அழுத்திப் பிடிக்கத் தெரிந்த கை, தேவையானால் இரத்தம் என மூன்றும் வேண்டும். பிறந்த குழந்தைகளில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு முதல் மூச்சை எடுக்க ஏதோ ஓர் உதவி தேவைப்படுகிறது. அது சில நொடிகளுக்குள் தேவைப்படுகிறது. எந்தக் குழந்தைக்கு என்று முன்கூட்டியே சொல்ல முடியாத சந்தர்ப்பங்கள் ஏராளம். காணொளியில் வெற்றிகரமாக முடிந்த பிரசவங்கள்தான் இருக்கும்.

இவ்வளவு கடுமையாகச் சொன்ன பிறகு, உங்கள் கோபத்தில் இருக்கும் நியாயத்தையும் சொல்ல வேண்டும். மருத்துவமனையை விட்டு ஓடுபவர்களில் பலரை விரட்டியது மருத்துவமனையே. காரணமின்றி எனிமா கொடுப்பது, முடி மழிப்பது, மல்லாந்து படுக்க வைப்பது, உணவும் நீரும் மறுப்பது, குழந்தை வரும் வழியை அகலப்படுத்த எல்லோருக்கும் பிறப்புறுப்பில் வெட்டுப் போடுவது, வலியை விரைவுபடுத்த ஊசி ஏற்றுவது ஆகியவற்றை வழக்கமான நடைமுறையாகச் செய்ய வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டராவது திறக்க வேண்டும் என்ற பழைய அளவுகோலும் எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது, 5 சென்டிமீட்டருக்கு முன் அவசரப்படுத்தத் தேவையில்லை என்றும் அது கூறுகிறது. நீங்கள் தவிர்க்க நினைக்கும் தலையீடுகளைப் பட்டியலிட்டு, அவற்றைச் செய்யாமல் பிரசவம் பார்க்கும் மருத்துவமனையையோ செவிலியர் நடத்தும் பிரசவ மையத்தையோ தேடுங்கள். மேலே சொன்ன இங்கிலாந்து ஆய்வில் அத்தகைய மையங்களில் முதல் குழந்தைக்கும் ஆபத்து கூடவில்லை. தலையீடுகளோ குறைவாக இருந்தன.

சட்டம் பற்றியும் கேட்டதால் சொல்கிறேன். 2010இல் ஹங்கேரி தொடர்பான ஒரு வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், எந்தச் சூழலில் பிரசவிப்பது என்று தேர்ந்தெடுப்பது தாயின் தனிப்பட்ட வாழ்வுக்கான உரிமையில் அடங்கும் என்றது. 2016இல் செக் குடியரசு தொடர்பான வழக்கில் அதே நீதிமன்றத்தின் பேரமர்வு (கூடுதல் நீதிபதிகள் கொண்ட பெரிய அமர்வு), வீட்டுப் பிரசவத்துக்குச் செவிலியர் உதவியை அரசு அனுமதிக்காதது உரிமை மீறல் ஆகாது என்றது. உரிமை உண்டு, அதை நிறைவேற்றித் தரும் கடமை அரசுக்கு எவ்வளவு என்பதில்தான் நாடுகள் வேறுபடுகின்றன.

கேள்வி: பிரசவ அறைக்குள் துணைக்கு ஒருவர் வரலாமா? கணவர்தான் வர வேண்டுமா?

பதில்: வரலாம்; யார் என்பதைப் பிரசவிக்கும் பெண் தேர்ந்தெடுக்க வேண்டும். கணவர், தாய், சகோதரி, தோழி, பயிற்சி பெற்ற துணைவர் என யாராகவும் இருக்கலாம். யாரும் வேண்டாம் என்பதும் ஒரு தேர்வுதான். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், 15,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தொடர்ந்து ஒருவர் உடனிருந்த பெண்களுக்கு இயல்பான பிரசவம் கூடியது, சிசேரியன் குறைந்தது, வலி நேரம் சிறிது சுருங்கியது. இவ்வளவு பயன் தரும் ஒரு மருந்து இருந்திருந்தால் அதை எந்த மருத்துவமனையும் வாசலில் நிறுத்தி வைத்திருக்காது. அர்ஜென்டினா 2004இல் இயற்றிய சட்டம் இதை உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. இடம் போதாது என்று சொல்லும் மருத்துவமனைகளில் கட்டில்களுக்கு இடையே ஒரு திரைச்சீலை போட்டாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

கேள்வி: எனக்குப் பிரசவ வலியை நினைத்தாலே நடுக்கம் வருகிறது. மருத்துவக் காரணம் இல்லாவிட்டாலும் சிசேரியன் வேண்டும் என்று கேட்டேன். “எல்லோரும் பெறுகிறார்கள், நீ மட்டும் என்ன” என்று சிரித்தார்கள்.

பதில்: சிரித்தவர்கள் சிரித்திருக்கக் கூடாது. பிரசவத்தைப் பற்றிய அச்சம் சில பெண்களுக்குக் கர்ப்பத்தையே தள்ளிப்போடச் செய்யும் அளவுக்குக் கடுமையாக இருக்கும். அது மருத்துவ உலகம் அறிந்த நிலை, உரிய ஆலோசனையால் குறையக் கூடியது. முதலில் எதற்கு அஞ்சுகிறீர்கள் என்பதைப் பிரித்துப் பாருங்கள். வலிக்கு என்றால், முதுகில் செலுத்தும் எபிடியூரல் என்ற மரத்துப்போகும் மருந்து அதை வெகுவாகக் குறைக்கும். அதனால் சிசேரியன் அதிகமாகிறது என்ற பழைய எண்ணத்தை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. மானம் போய்விடுமோ என்றால், யார் பரிசோதிப்பார், எத்தனை பேர் அறையில் இருப்பார் என்பதை முன்பே பேசி முடிவு செய்யலாம். முன்பு நேர்ந்த ஏதேனும் கொடுமையின் நினைவு என்றால், அதை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்ல முடிந்தாலே பிரசவத்தின் திட்டம் மாறும்.

இவ்வளவும் பேசிய பிறகும் உங்கள் முடிவு சிசேரியன்தான் என்றால், அதை மதிக்க வேண்டும் என்பது என் நிலை. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பும் அதையே சொல்கிறது. செய்ய விரும்பாத மருத்துவர், செய்ய ஒப்பும் இன்னொரு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்றும் கூறுகிறது. வேறு காரணம் இல்லையென்றால் 39 வாரம் முடியும்வரை பொறுப்பது குழந்தையின் நுரையீரலுக்கு நல்லது. அடுத்தடுத்த கர்ப்பங்களில் நஞ்சுக்கொடிச் சிக்கல் கூடும் என்பதை, சிசேரியனுக்குப் பிறகு இயல்பாகப் பெறுவது பற்றிய பதிலில் சொன்னேன். அதை அறிந்தே முடிவெடுங்கள். கேட்காத பெண்ணுக்குக் காரணம் சொல்லாமல் சிசேரியன் செய்துவிட்டு, கேட்கும் பெண்ணைக் கேலி செய்யும் ஒரே பிரசவ அறையை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு இடத்திலும் பெண்ணின் சொல் எடுபடவில்லை.

கேள்வி: நான் பிரசவப் பிரிவில் செவிலியர். குழந்தையின் இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் கருவியைக் கட்டிக்கொள்ள ஒரு பெண் மறுத்துவிட்டார். ஏதாவது நேர்ந்தால் எங்கள்மேல்தானே பழி வரும்? மறுக்கும் உரிமைக்கு எல்லை இல்லையா?

பதில்: குறிப்பிட்ட அந்த மறுப்பைப் பொறுத்தவரை அந்தப் பெண் அறிவியலோடுதான் நிற்கிறார், அவருக்கு வேறு ஆபத்து இல்லாத பட்சத்தில். தொடர்பதிவு பிறந்த குழந்தைக்கு வலிப்பு வருவதைக் குறைக்கிறது. ஆனால் இறப்பையோ பெருமூளை வாதத்தையோ குறைத்ததாகத் தெரியவில்லை, சிசேரியனைக் கூட்டுகிறது. ஆகவே ஆபத்துக் குறைவான பெண்களுக்குச் சிறு கருவியால் இடைவெளி விட்டு துடிப்பைக் கேட்பதையே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நேரத்துக்கு வந்து கேட்கப் போதிய செவிலியர் இல்லாததால்தான் பல இடங்களில் கருவி கட்டப்படுகிறது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஆபத்து உண்மையாகவே பெரிதாக இருந்து, பெண் மறுத்தால் என்ன செய்வது என்பதே கடினமான கேள்வி. 1996இல் லண்டனில் கடுமையான கர்ப்பகால இரத்த அழுத்த நோயோடு 36 வாரக் கர்ப்பிணி ஒருவர் சிகிச்சையை மறுத்தார். மனநலச் சட்டத்தின்கீழ் அவரைத் தடுத்து வைத்து, நீதிமன்ற உத்தரவு பெற்று அவர் விருப்பத்துக்கு எதிராகச் சிசேரியன் செய்தார்கள். குழந்தை நலமாகப் பிறந்தது. 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது: தெளிந்த மனத்தோடு இருக்கும் பெண், தன் உயிருக்கும் கருவுக்கும் ஆபத்து வரும் என்று தெரிந்தும் மறுக்கலாம். எல்லா நாட்டுச் சட்டமும் இப்படியே இல்லை. என் அனுபவத்தில், மறுப்பு அந்த உச்சத்துக்குப் போவது மிகமிக அரிது. பெரும்பாலான மறுப்புகளின் பின்னால் விடை கிடைக்காத ஒரு கேள்வி இருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது: என்ன ஆபத்து என்பதை எளிய சொற்களில் சொல்லுங்கள், ஏன் மறுக்கிறார் என்று கேளுங்கள், இரண்டையும் நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதுங்கள், மூத்த மருத்துவரை அழையுங்கள், சிறிது நேரம் கழித்து மீண்டும் கேளுங்கள், ஏனென்றால் மனம் மாறும் உரிமையும் அவருக்கு உண்டு. “குழந்தை செத்தால் எங்களைக் கேட்காதே” என்பது விளக்கம் அல்ல, மிரட்டல். அதற்குப் பணிந்து பெற்ற ஒப்புதலுக்கு மதிப்பில்லை. மறுத்தார் என்பதற்காக மற்ற கவனிப்பைக் குறைப்பதும் கூடாது.

கேள்வி: ஒரு வருடத்துக்கு முன் எனக்குக் குழந்தை பிறந்தது. என்னிடம் ஒரு சொல் கேட்காமல் வெட்டுப் போட்டுத் தையல் போட்டார்கள். குழந்தை நலமாக இருக்கிறது, அதையே நினைத்துச் சந்தோஷப்படு என்கிறார்கள் வீட்டில். ஆனால் அந்த அறையை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

பதில்: குழந்தை நலமாக இருப்பதும், உங்களுக்கு நேர்ந்தது தவறு என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை அழிக்க வேண்டியதில்லை.

வெட்டுப் போடுவதற்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. குழந்தையின் துடிப்பு சரிந்து உடனே எடுக்க வேண்டிய நிலையிலும், ஆயுதம் போட்டு எடுக்கும்போதும் அது தேவைப்படலாம். எல்லோருக்கும் வழக்கமாகப் போடுவதால் கிழிசல் குறையும் என்ற நம்பிக்கைதான் ஆய்வுகளில் நிற்கவில்லை. தேவைப்பட்ட இடத்திலும், “குழந்தைக்கு மூச்சு குறைகிறது, சிறிய வெட்டுப் போட வேண்டும், சரியா?” என்று கேட்க ஐந்து விநாடி போதும், மரத்துப்போகும் ஊசியும் போட வேண்டும். பிரசவத்தின்போது நடக்கும் அவமதிப்பும் ஒப்புதலற்ற செயல்களும் மனித உரிமைப் பிரச்சினை என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் அறிக்கை வெளியிட்டது. வெனிசுவேலா 2007லேயே இதைப் பெண்களுக்கு எதிரான வன்முறையின் ஒரு வடிவமாகச் சட்டத்தில் சேர்த்தது.

உங்கள் பிரசவக் குறிப்புகளின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். அதை வைத்துக்கொண்டு, பிரசவம் பார்த்தவரிடமோ வேறொரு மருத்துவரிடமோ, எந்த நேரத்தில் என்ன காரணத்துக்காக வெட்டுப் போட்டார்கள் என்று கேட்டு அறியுங்கள். காரணம் தெரிந்தாலே சிலருக்குப் பாதிச் சுமை இறங்குகிறது. காரணம் இல்லை என்று தெரிந்தால் மருத்துவமனையின் புகார் பிரிவுக்கும் மருத்துவக் கவுன்சிலுக்கும் எழுதலாம். எழுதுவதும் எழுதாமல் விடுவதும் உங்கள் விருப்பம். கை நடுக்கம், அந்த அறை மீண்டும் மீண்டும் நினைவில் வருவது, தூக்கமின்மை ஆகியவை பிரசவத்துக்குப் பிந்தைய மன அதிர்ச்சியின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். இதற்குச் சிகிச்சை உண்டு; மனநல மருத்துவரைப் பாருங்கள். இன்னும் வலியோ சிறுநீர்க் கசிவோ இருந்தால் அதையும் ஒதுக்கி வைக்காதீர்கள்.

கேள்வி: பிரசவத்தில் எங்கள் விருப்பங்களை மருத்துவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் பிறந்த குழந்தைக்கு வைட்டமின் கே ஊசி வேண்டாம் என்றபோது மட்டும் வற்புறுத்துகிறார். இது முரண்பாடு இல்லையா?

பதில்: இல்லை. பிரசவம் வரை முடிவெடுத்தவர் தன் உடலைப் பற்றி முடிவெடுத்தார். குழந்தை பிறந்த கணத்திலிருந்து அது தனியொரு நோயாளி. தாய், தந்தை இருவரும் அதன் சார்பில் முடிவெடுக்கும் பொறுப்பாளர்கள். தனக்காக ஆபத்தை ஏற்கும் உரிமை பரந்தது, இன்னொருவருக்காக ஏற்கும் உரிமை அவ்வளவு பரந்ததல்ல. அதனால்தான் பிரசவ அறையில் உங்களோடு நின்ற அதே மருத்துவர் இங்கே எதிர்த்துப் பேசுகிறார்.

வற்புறுத்தும் காரணமும் வலுவானது. வைட்டமின் கே நஞ்சுக்கொடி வழியாகவும் தாய்ப்பால் வழியாகவும் மிகக் குறைவாகவே குழந்தைக்குச் செல்கிறது; அது இல்லாமல் இரத்தம் உறையாது. ஊசி போடாத குழந்தைகளில் சிலருக்கு முதல் வாரத்திலோ, முற்றிலும் நலமாகத் தோன்றிய பிறகு ஆறு மாதம் வரை எப்போது வேண்டுமானாலுமோ இரத்தக் கசிவு ஏற்படுகிறது. தாமதமாக வருவது பெரும்பாலும் மூளைக்குள். ஊசி போடாத குழந்தைக்கு இந்தத் தாமதக் கசிவு வரும் வாய்ப்பு 81 மடங்கு அதிகம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கூறுகிறது. அங்கு 1961 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் இது பரிந்துரைக்கப்படுகிறது.

பிறந்தவுடன் குழந்தையைத் தாயின் மார்பில் வைப்பது, தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டுவது, குளிப்பாட்டுவதை ஒரு நாள் தள்ளிப்போடுவது என நீங்கள் கேட்கக்கூடியவை பல இருக்கின்றன. அவை குழந்தைக்கு நல்லவை, மருத்துவர் மறுக்கக் காரணமும் இல்லை. ஊசியைப் பொறுத்தவரை, குழந்தை மார்பில் பால் குடிக்கும்போதே போடச் சொல்லுங்கள். வலி குறைவாகத் தெரியும். ஊசியை அறவே ஏற்க முடியவில்லை என்றால் வாய்வழிச் சொட்டு மருந்து பற்றிக் கேளுங்கள். அதைப் பல தவணைகளில் விடாமல் கொடுக்க வேண்டும், தாமதக் கசிவை அது ஊசியளவுக்குத் தடுப்பதில்லை.